ஏற்காட்டுக்குக் குடும்பத்தோடு கேம்பிங்: டிரெய்லர் வாங்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

சேலம் அஸ்தம்பட்டி பக்கம் எங்கள் வீட்டு வாசலில் 13 அடி நீளத்தில் ஒரு டிரெய்லர் நிற்கிறது. அதைக் காரின் பின்னால் கோர்த்து இழுத்துக்கொண்டு, மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா எல்லோரும் காரில் வெளியூர் போவோம்; போன இடத்தில் அதுதான் எங்களுக்குத் தங்கும் வீடு. வழியில் டீக்கடையில் நிறுத்தினாலே நாலு பேர் சுற்றி நின்று கேட்பார்கள். அப்படிக் கேட்டவற்றையும், நான் சொன்ன பதில்களையும், அன்றைக்கு நேரமில்லாமல் விட்டுப்போனவற்றையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

சார், இது சினிமாக்காரங்க கேரவன் மாதிரியா?

இல்லை. ஷூட்டிங்கில் நிற்கும் கேரவன், வேன் அல்லது பஸ் சேசிஸின் மேல் கட்டியது. அதற்கு எஞ்சின் உண்டு, டிரைவர் உண்டு. டிரெய்லருக்கு எஞ்சின் கிடையாது. கார்தான் இழுக்க வேண்டும். தங்கும் இடத்தில் டிரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டால் கார் தனியாகக் கிடைக்கும். பால் வாங்கவோ, ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கு ஓடவோ வீட்டையே கிளப்ப வேண்டியதில்லை. குடும்பக்காரர்களுக்கு இது பெரிய வசதி.

நம் தாத்தாக்கள் கூண்டு வண்டியில் அரிசி பருப்பு ஏற்றிக்கொண்டு ஆடிப்பெருக்குக்கு மேட்டூர் போனார்கள். 1885இல் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் குதிரை பூட்டிய வண்டியைச் சுற்றுலாவுக்கென்றே கட்டி பிரிட்டன் முழுக்கச் சுற்றினார். மேல்நாட்டில் இந்தப் பழக்கத்தை அவரிடமிருந்துதான் எண்ணத் தொடங்குகிறார்கள்.

எங்க வீட்டுக்கு இது தேவையா?

வருஷத்துக்கு எத்தனை இரவு வெளியில் தங்குவீர்கள் என்று போன வருஷக் காலண்டரை எடுத்து எண்ணிப் பாருங்கள். பத்துக்குக் கீழே வந்தால் நல்ல கூடாரம் ஒன்று போதும். அதுவும் பிள்ளைகள் ஐந்து வயதைத் தாண்டியிருந்தால் கூடாரத்தில்தான் அவர்களுக்குக் கொண்டாட்டம். எங்களுக்கு டிரெய்லர் தேவைப்பட்டது அம்மாவால். முட்டி வலி உள்ளவர் தரையில் படுத்து எழ முடியாது; ராத்திரி இரண்டு முறை எழுந்து போக வேண்டும். அவரை விட்டுவிட்டுப் போக மனமில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் மேற்கொண்டு படியுங்கள்.

முதலில் எதைப் பார்த்துத் தேர்வு செய்வது? எத்தனை கட்டில் என்பதையா?

எடையைப் பாருங்கள். அதுவும், அந்த எடையோடு மலை இறங்க முடியுமா என்று பாருங்கள். ஏறுவதை எஞ்சின் பார்த்துக்கொள்ளும். இறங்குவதை பிரேக்தான் பார்க்க வேண்டும்.

கணக்கைச் சொல்கிறேன். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள் இருக்கிறது. ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி. வித்தியாசம் 1,200 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 1,000 கிலோ வண்டி அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல், 40 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதுமானது. காரும் டிரெய்லரும் ஆட்களும் சேர்ந்து 3 டன் என்றால் 120 லிட்டர்! கல்யாண வீட்டு அண்டா ஒன்றைக் கொதிக்க வைக்கும் சூடு. அதில் ஒரு பங்கை எஞ்சினும் காற்றும் வாங்கிக்கொள்ளும். மீதி முழுக்க பிரேக்கில்தான் இறங்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் முதல் டிரெய்லரை ஒரு பட்டறையில் கட்டினோம். 1,300 கிலோ வந்தது. "இந்தச் சைஸுக்கு பிரேக் வேண்டாம், கார் பிரேக்கே தாங்கும்" என்று அங்கே சொன்னதை நம்பினேன். ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பாதி மலையில் கருகிய வாடை. பெடல் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போக ஆரம்பித்தது. பக்கத்தில் இருந்த மாமா சங்ககிரிக்காரர், முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். "மாப்ளே, பெடலை விடு. செகண்ட் போடு. இடது ஓரம் ஒதுக்கு" என்றார். சத்தம் போடவில்லை. அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி, கட்டை போட்டு, முன் சக்கரத்தருகே கையைக் கொண்டுபோனேன். அரை அடி தள்ளியே அனல் அடித்தது. முக்கால் மணி நேரம் ஆறவிட்டோம். பின் சீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வண்டியை அதோடு விற்றுவிட்டோம், பிரேக் இல்லை என்று வாங்கியவரிடம் சொல்லியே.

எங்க கார் இழுக்குமா?

காரோடு வந்த கையேட்டில் இழுவை எடை என்று ஓர் எண் இருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஒன்று, பிரேக் இல்லாததற்கு ஒன்று என்று இரண்டு எண்கள்கூட இருக்கலாம். இழுக்கக் கூடாது என்று எழுதியிருந்தால் அதோடு முடிந்தது. டிரெய்லரைக் கோர்க்கும் கொக்கியைக் காரில் மாட்டித்தர ஆள் கிடைத்தாலும் மாட்டாதீர்கள்.

பிரிட்டனில் கேரவன் இழுக்கும் புதியவர்களுக்குச் சொல்லும் கணக்கு, லோடு ஏற்றிய டிரெய்லர் எடை கார் எடையில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது. அது அந்த ஊர் ரோட்டுக்கு. 20 கொண்டை ஊசி வளைவுள்ள நம் ரோட்டில் நான் பாதிக்கு மேல் போகமாட்டேன். 1,800 கிலோ கார் என்றால் டிரெய்லர் லோடோடு 900 கிலோ. அமெரிக்க வீடியோக்களில் பார்க்கும், பிள்ளைகளுக்கு அடுக்குக் கட்டில் போட்ட 25 அடி டிரெய்லர்கள் காலியாகவே 2 டன்னைத் தாண்டும். அவர்கள் அவற்றைப் பெரிய பிக்கப்பில் இழுக்கிறார்கள். அந்தப் படத்தைக் காட்டி இங்கே ஆர்டர் கொடுத்துவிட வேண்டாம்.

எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை: மேலே போகப் போகக் காற்று மெலிவதால், டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின் ஏற்காட்டு உயரத்தில் தன் பலத்தில் ஏழில் ஒரு பங்கு வரை இழக்கும். டர்போ டீசலுக்கு அந்தக் குறை அவ்வளவு தெரியாது.

எடையை எப்படித் தெரிந்துகொள்வது? விற்பவர் சொல்வதை நம்பலாமா?

எடை மேடையில் ஏற்றுங்கள். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் மூட்டை லாரிகள் நிற்கும் எந்த எடை மேடையிலும் சீட்டுப் போட்டுக் கொடுப்பார்கள். தண்ணீர், சிலிண்டர், மெத்தை, அரிசி என்று பயணத்துக்கு ஏற்றும் அத்தனையும் ஏற்றிக்கொண்டு போங்கள். எங்கள் வண்டி காலியாக 640 கிலோ. கிளம்பும் அன்று 850. நடுவில் 210 கிலோ எங்கிருந்து வந்தது என்று முதல் தடவை நம்பவே முடியவில்லை. தண்ணீர் மட்டும் 60 கிலோ. இரும்புத் தோசைக்கல்லும் குக்கரும் கிரிக்கெட் கிட்டும் மீதியைச் சாப்பிட்டன.

அடுத்து, மூக்கு எடை. டிரெய்லரின் முன்நுனி காரின் கொக்கியை எவ்வளவு அழுத்துகிறது என்பது. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்க வேண்டும். மிகக் குறைந்தால், அதாவது பின்பக்கம் லோடு கூடினால், வேகத்தில் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். ஆட்டம் பெருகினால் காரையும் இழுத்துப் புரட்டிவிடும். மிகக் கூடினால் காரின் பின்பக்கம் தாழ்ந்து முன்சக்கரம் பிடிமானம் இழக்கும். அளக்க வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷின் போதும். சமதரையில் மெஷினை வைத்து, மேலே ஒரு பலகை, பலகை மேல் கொக்கி உயரத்துக்கு வெட்டிய கட்டை, அதன் மேல் டிரெய்லர் நுனியை மெதுவாக இறக்குங்கள். எங்களுக்கு 52 காட்டியது. தண்ணீர்க் கேன்கள் எல்லாவற்றையும் பின்னாலிருந்து எடுத்து அச்சுக்குச் சற்று முன்னால் வைத்ததும் 83. கேன்கள் இடம் மாறியதில் இவ்வளவு வித்தியாசம் என்று என் பெண் மெஷினையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரேக் எந்த வகை?

ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்கு பிரேக் கட்டாயம். நம் மலைக்கு அதற்குக் கீழே இருந்தாலும் பிரேக் வையுங்கள்.

இரண்டு வகை உண்டு. ஒன்று, கார் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும். அந்தத் தள்ளுதலே கம்பி வழியாக பிரேக்கைப் பிடிக்கும். கரண்ட் தேவையில்லை, பழுது குறைவு. ஆனால் நீண்ட இறக்கத்தில் டிரெய்லர் தள்ளிக்கொண்டே இருக்கும், அதனால் பிரேக்கும் பிடித்துக்கொண்டே இருக்கும், சூடேறும். வழியில் நிறுத்தி ஆறவிட வேண்டும். இன்னொன்று எலக்ட்ரிக் பிரேக். டிரைவர் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டியில் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று திருகி வைக்கலாம். செலவு அதிகம். என் ஓட்டு இதற்குத்தான்.

எது வைத்தாலும் கொக்கிக்குக் கீழே இரண்டு பாதுகாப்புச் சங்கிலி, குறுக்காக. கொக்கி கழன்றால் டிரெய்லர் நுனி தரையில் குத்தாமல் அந்தக் குறுக்கில் விழும்.

கொண்டை ஊசி வளைவில் திரும்புமா?

திரும்பும். பஸ்ஸே திரும்புகிறது. 13 அடி டிரெய்லர் நடுவில் மடங்குவதால் இன்னும் எளிது. பழக வேண்டியது ஒன்றுதான்: டிரெய்லர் சக்கரம் கார் போன தடத்தில் வராது, உட்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். காரை வழக்கத்தைவிட வெளியே கொண்டுபோய்த் திருப்பாவிட்டால் உள்பக்கச் சக்கரம் தடுப்புக் கல்லில் ஏறும். அகலம் ஆறரை அடிக்குள் இருக்கட்டும்.

மலை ரோட்டில் ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. இறங்குகிறவர் நின்று வழிவிட வேண்டும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரல் வேண்டவே வேண்டாம். ஆட்டோமேட்டிக் கார் என்றால் மேனுவலுக்கு மாற்றி இரண்டில் வைத்துக்கொள்ளுங்கள். வளைவுகளில் எண் எழுதிய பலகைகள் இருக்கின்றன. நாங்கள் இறங்கும்போது ஐந்து வளைவுக்கு ஒருமுறை ஒதுங்கி நிறுத்துவோம், அதை எண்ணிச் சொல்வது மகனின் வேலை.

டிரெய்லர் ஓடும்போது உள்ளே யாரும் உட்காரக் கூடாது. பிள்ளைகள் எவ்வளவு அழுதாலும்.

ஐந்து பேருக்கு எந்த அமைப்பு?

எங்கள் அமைப்பு இது: பின்சுவரை ஒட்டிக் குறுக்கே ஒரு பெரிய கட்டில், அம்மாவும் பெண்ணும். முன்னால் சாப்பாட்டு மேசை. ராத்திரி அதை இறக்கினால் கட்டிலாகிவிடும், மனைவியும் மகனும். நான் வெளியே கூடாரத்தில். ஐந்து பேரையும் உள்ளே படுக்கவைக்க முயன்றால் வண்டி மூன்றடி நீளும், 250 கிலோ கூடும். அதைவிட 3 கிலோ கூடாரம் மேல்.

தினம் மேசையை இறக்கி ஏற்றுவது சலிப்பான வேலை என்று சொல்வார்கள். உண்மைதான். ஒரே ஊரில் மூன்று நாளுக்கு மேல் தங்குபவர்கள் நிரந்தரக் கட்டிலாக வைத்துக்கொண்டு, வெளியே துணிப்பந்தலில் சாப்பிடலாம்.

கூரை தூக்கி விரியும் கான்வாஸ் டிரெய்லர்களும் உண்டு. எடை குறைவு, காற்று எதிர்ப்பும் குறைவு. ஆனால் ஏற்காட்டு மூடுபனியில் துணி ராத்திரி முழுக்க நனையும். ஈரத்தோடு மடித்துக் கொண்டுவந்தால் ஒரு வாரத்தில் பூஞ்சை. சேலத்து வெயிலில் விரித்துக் காயப்போட மொட்டை மாடியோ வாசலோ இருந்தால் வாங்கலாம்.

வாங்கும் முன் வீட்டில் மூத்தவரை அழைத்துப்போய் ஏறச் சொல்லுங்கள். அம்மா முதல் படியில் கால் வைத்ததும் கதவு நிலையைப் பிடிக்கக் கையைத் தேடினார். அங்கே பிடி இல்லை. அன்றே ஒரு பிடியும், நடுவில் ஒரு படியும் வைக்கச் சொன்னோம்.

கழிப்பறை வேண்டுமா? தண்ணீர்?

மூத்தவர்கள் இருந்தால் வேண்டும். ஆனால் தனி அறை கட்டிக் குழாய் போட்டு டாங்க் வைப்பது வீண். கழற்றி எடுக்கும் பெட்டியோடு வரும் கையடக்கக் கழிப்பறை போதும். மேல்நாட்டு முகாம்களில் இருப்பதுபோலக் கழிவு டாங்க் காலிசெய்யும் குழி நம் பக்கம் எங்கும் எதிர்பார்க்க முடியாது. பெட்டியைத் தூக்கிப்போய் ஒரு கழிப்பறையில்தான் ஊற்ற வேண்டும். 20 லிட்டர் நிரம்பினால் 20 கிலோவுக்கு மேல். யார் தூக்குவது என்று முதலிலேயே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

பாத்திரம் கழுவிய தண்ணீரை வாளியில் பிடித்து, நீரோடைக்கு எட்டத்தில் மண்ணில் ஊற்றுங்கள். ஏற்காட்டு ஏரி நிரம்பி வழிவதுதான் கிளியூர் அருவியாக விழுகிறது. நாம் மேலே ஊற்றும் சோப்புத் தண்ணீரில் கீழே யாரோ ஒரு பிள்ளை குளிக்கும்.

கரண்டுக்கு என்ன வழி? ஏ.சி. போடலாமா?

12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் ஏறக்குறைய 1.2 யூனிட் கிடைக்கும். நாலு எல்.இ.டி. விளக்கு, இரண்டு சின்ன மின்விசிறி, போன் சார்ஜ், சின்ன 12 வோல்ட் ஃபிரிட்ஜ் எல்லாம் ஒரு நாள் ஓடும். கூரையில் சோலார் பலகை இருந்தால் வெயில் நாளில் அடுத்த நாளுக்கும் தாங்கும். பழைய ஈய-அமில பேட்டரி என்றால் பாதியோடு நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் சீக்கிரம் சாகும். ஒரு டன் ஏ.சி. இந்தச் சேமிப்பை ஒரு மணி நேரத்தில் குடித்துவிடும். ஏற்காட்டில் அது தேவையும் இல்லை. வண்டியின் சுவரில் வெப்பத்தடுப்பு நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்; ஏப்ரலில் மேட்டூரில் நிறுத்தினால் அதன் அருமை தெரியும்.

சமையலை உள்ளேயே செய்யலாமா?

வெளியே செய்யுங்கள். சமையல் காஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் சிலிண்டர் வைக்கும் பெட்டிக்கு அடியில் திறப்பு இருக்க வேண்டும், உள்ளறையோடு தொடர்பே இருக்கக் கூடாது. 5 கிலோ சிலிண்டர் எங்களுக்குத் தாராளம்.

டிசம்பர் குளிருக்கு உள்ளே கரி அடுப்பு மூட்டிப் படுப்பதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாடையோ இல்லை. மூடிய அறையில் தூங்குகிறவர் விழிக்கவே மாட்டார். இரண்டு கம்பளி கூட எடுத்துப்போங்கள்.

அந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது என்று அம்மா முதல் நாள் திட்டினார். குக்கர் மறக்காதீர்கள். வந்து இறங்கிய மாலை அடுப்பே மூட்டாமல், ஊரிலிருந்து வாங்கி வந்த தட்டுவடை செட்டோடு முடித்துக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம்.

ரெடிமேடா, நாமக்கல்லில் கொடுத்துக் கட்டுவதா?

லாரி பாடி கட்டுவதில் நாமக்கல்லும், பஸ் பாடி கட்டுவதில் கரூரும் பேர் பெற்றவை. இரும்பு வேலையும் தகடு வேலையும் அங்கே நன்றாக வரும். ஒன்றில் கவனம் வேண்டும்: லாரிக்கு கனம்தான் பலம், டிரெய்லருக்கு கனம்தான் எதிரி. மேஸ்திரி பழக்கத்தில் தடித்த சேனல் போடுவார். கட்டும் முன்பே முடிவு எடையை எழுதி வாங்குங்கள்.

ஆர்.டி.ஓ. விஷயம் இதைவிட முக்கியம். டிரெய்லருக்குத் தனிப் பதிவு எண்ணும் காப்பீடும் வேண்டும். மத்திய அரசின் வாகன வகைப் பட்டியலில் சொந்த உபயோகத்துக்கான கேம்பர் வேன் அல்லது டிரெய்லர் என்று தனி வகையே இருக்கிறது. வகை ஒப்புதல் (அந்த மாடலைச் சோதித்துத் தரும் சான்று) பெற்ற தயாரிப்பாளரிடம் வாங்கினால் பதிவு எளிது. அப்படி இல்லாமல் கட்டுவதானால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் வரைபடத்தோடு ஆர்.டி.ஓ. அலுவலகம் போய்க் கேளுங்கள். உங்கள் பழைய வேனையே கேம்பராக மாற்றுவதாக இருந்தாலும் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். முன் அனுமதி இல்லாத மாற்றத்துக்குக் காப்பீடும் கை கொடுக்காது.

பழைய டிரெய்லர் வாங்கலாமா?

வாங்கலாம். ஈரம் புகுந்திருக்கிறதா என்று பாருங்கள்: மூலைகளில் பிளைவுட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கக் கூடாது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருஷம் 23ஆம் வாரம் செய்தது. பட்டன் (தரையில் படும் வரிப்பகுதி) புதிதாக இருந்தாலும் ஆறு வருஷம் தாண்டிய டயரை மாற்றிவிடுங்கள். டிரெய்லர் நின்றே பழகுவதால் டயர் தேய்வதற்கு முன்பே வெடிப்பு விடும். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்து பேரிங் இரைகிறதா என்று காது கொடுங்கள்.

ஏற்காட்டில் எங்கே நிறுத்துவது?

காப்பித் தோட்டங்களிலும் தங்கும் விடுதிகளிலும் உரிமையாளரிடம் முன்கூட்டியே பேசி, நீளம் எவ்வளவு, நுழைவாயில் அகலம் எவ்வளவு, திருப்ப இடம் உண்டா என்று கேட்டுக்கொண்டு போங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நிறுத்தித் தங்குவது குற்றம். ரோட்டோரமும் வேண்டாம், காட்டுமாடு நடமாடும் மலை இது. குரங்குக்குப் பயந்து ஜன்னலுக்கு வலை போடுங்கள். சாப்பாட்டுப் பையைத் துணிப்பந்தலில் தொங்கவிட்டால் ஐந்து நிமிடம் தாங்காது.

மே மாதக் கோடை விழா நாட்களில் டிரெய்லரோடு போகாதீர்கள். நெரிசலில் பின்னால் எடுக்க வேண்டி வந்தால் உங்களுக்கும் கஷ்டம், மற்றவர்களுக்கும் கஷ்டம்.

முதல் பயணம் எங்கே?

ஏற்காடு வேண்டாம். ஞாயிறு விடியலில் காலி மைதானம் ஒன்றில் பின்னால் எடுக்கப் பழகுங்கள். ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டால், கை எந்தப் பக்கம் போகிறதோ டிரெய்லரின் பின்புறமும் அந்தப் பக்கம் போகும். இரண்டு மணி நேரத்தில் கை பழகிவிடும். அடுத்து மேட்டூர், ஒரு இரவு. பிறகு 14 வளைவுள்ள ஏலகிரி. அதன்பிறகு ஏற்காடு. 70 வளைவுள்ள கொல்லிமலைக்கு டிரெய்லரைக் கொண்டுபோக நானே இன்னும் நினைக்கவில்லை.

மழைக்காலத்தில்?

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கிளம்பும் அன்று காலையில் ரோடு திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் கொக்கியே மாட்டுவேன். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் இந்த மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. மேலே போனபிறகு மழை பிடித்துக்கொண்டால், டிரெய்லரைத் தங்கிய இடத்திலேயே விட்டுவிட்டுக் குடும்பத்தோடு காரில் இறங்கிவிடுங்கள். வெயில் வந்ததும் போய் எடுத்துக்கொள்ளலாம். அதற்காகவே எங்கள் வண்டியில் ஒரு பூட்டும் நாலு சக்கரக் கட்டையும் எப்போதும் இருக்கும்.